பட்டியலில் இல்லாத இடக்கை

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லாரும் நலம். பாட்டிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அத்தை வீட்டு விவகாரம் பழையபடிதான், நேரில் பேசிக்கொள்ளலாம். தோள் எப்படி இருக்கிறது?

உங்கள் ஹேண்ட்பால் டீமுக்குப் பதினாறு பேர் பட்டியல் ஒட்டிவிட்டார்கள், நீ ரிசர்வில்தான் என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன். 2016 ஜனவரியில் போலந்தில் நடந்த ஐரோப்பிய ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப்பை மட்டும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஜெர்மனி அங்கே போகும்போதே கேப்டன் கென்ஸ்ஹைமர், க்ரோட்ஸ்கி, வீன்செக், ட்ரூக்ஸ் நான்கு பேரும் காயத்தால் இல்லை. முதல் ஆட்டமே ஸ்பெயினிடம் 29-32 தோல்வி. பிறகு ரஷ்யாவை 30-29 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்த அன்று வைன்ஹோல்ட், டிஸ்ஸிங்கர் இருவருக்கும் அடி. தூரத்திலிருந்து கோல் எறிகிறவர்களில் வலப்பக்க ரைட் பேக் ஒன்று, இடப்பக்க லெஃப்ட் பேக் ஒன்று போச்சு. பயிற்சியாளர் சிகுர்ட்சன், பட்டியலில் இல்லாத ஹேஃப்னரையும் க்யூனையும் வரவழைத்தார். போட்டி பாதி முடிந்த நேரம் அது.

வைன்ஹோல்ட் இடக்கைக்காரர், அதனால் வந்தவரும் இடக்கைக்காரராக இருக்க வேண்டியிருந்தது. வலக்கைக்காரனை ரைட் பேக்கில் நிறுத்தினால் எறியும் கை பக்கக்கோட்டுப் பக்கம் போய்விடும், கோணம் சுருங்கும். ஓரத்தில் நிற்கிற விங்குக்கு பாஸ் கொடுக்க உடம்பைத் திருப்ப வேண்டும், அந்த அரை நொடியில் டிஃபன்ஸ் நகர்ந்து அடைத்துவிடும். இடக்கைக்காரனுக்குக் கை கோர்ட்டின் நடுப்பக்கம் இருக்கும், முழு கோலும் திறந்து கிடக்கும். உன் கோச்சுக்கு இது தெரியாதா? தெரியும். உன்னைப் போல மணிக்கட்டில் திருப்பி எறிகிற பையனை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் கிரவுண்டுக்கே போகாத மணிக்கட்டை யார் கூப்பிடுவார்கள்?

அடுத்து டென்மார்க்கை 25-23. அரையிறுதியில் நார்வேயோடு அறுபது நிமிடம் முடிந்தும் சமன், எக்ஸ்ட்ரா டைம் இரண்டு ஐந்து நிமிடம். கடைசி நொடிகளில் 34-33 ஆக்கிய கோல் யாருடையது? ஹேஃப்னருடையது.

கிராக்கோவில் ஜனவரி 31 அன்று இறுதி ஆட்டம், அதே ஸ்பெயின். முதல் பாதியில் ஸ்பெயினுக்கு ஆறே கோல், முடிவில் 24-17. ஆறு பேரும் கோலுக்கு முன்னால் ஒரே வரிசையில் நிற்கிற அந்த 6-0 டிஃபன்ஸை நீ உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடுவில் லெம்கே, இரண்டு மீட்டர் பத்து உயரம், பக்கத்தில் பெக்கலர். இவர்கள் கை உயர்த்திக் குதிக்கிற பிளாக் கோலின் ஒரு பக்கத்தை அடைக்கும், மறுபக்கம் கோல்கீப்பர் வோல்ஃபுக்கு. இந்தப் பங்கீடு முன்கூட்டியே பேசிவைத்ததாக இருக்க வேண்டும். பிளாக் தாமதமாகக் குதித்தாலோ இரண்டு கைக்கும் நடுவில் இடைவெளி விட்டாலோ பந்து உரசித் திசைமாறி உள்ளே போகும், கீப்பர் பாவம் என்ன செய்வார்? வோல்ஃப் அன்று தன்மேல் வந்ததில் கிட்டத்தட்ட பாதியைத் தடுத்தார். ஹேஃப்னர் ஏழு கோல். அந்த வெற்றியால் ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடி இடம் கிடைத்தது, அங்கே வெண்கலம் வாங்கிய அணியிலும் ஹேஃப்னர், க்யூன் இருவரும் இருந்தார்கள்.

தோளைக் கவனி. ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து வெளிப்பக்கம் இழு, பதினைந்து தடவை வீதம் மூன்று செட். இழுக்கும்போது வேகமாக, விடும்போது மெதுவாக. முழங்கை விலகினால் பயனில்லை. வார்ம்-அப்பிலேயே பத்து நிமிடம், வாரம் மூன்று நாள். உடம்பு சூடாகாமல் 9 மீட்டரிலிருந்து முழு வேகத்தில் எறியாதே. ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு மறு வாரம் இருநூறு எறிவதுதான் தோளைக் கெடுப்பது. நாளைக்குப் போனால் முப்பது போதும், மெதுவாகக் கூட்டு. தோளைக் கவனி, திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே.

அப்பா உன் பழைய ஷூவுக்கு சோல் ஒட்டி வாங்கி வைத்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு, போட்டோ நாலு இத்துடன் வைத்திருக்கிறேன். ரிசர்வில் இருப்பவனைக் கூப்பிட்டால் அன்றைக்கே கேட்பார்கள், கிட் பையிலேயே போட்டு வை. மெடிக்கல் சர்டிபிகேட்டை மட்டும் நீ அங்கேயே வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா