ஜெல்லுக்குள் எத்தனை செல் உயிரோடு இருக்கிறது? எலும்பு ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களே,

வணக்கம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் ஒட்டாமல் கிடந்தவன் நான். கடைசியில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து இடைவெளியில் வைத்தார்கள். கால் கூடிவிட்டது. எடுத்த இடம்தான் இன்னும் விடவில்லை. பெல்ட்டை இறுக்கினால் ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கென்று குத்தும். ஊசி வழியே செலுத்தும், நீர் நிறைந்த கூழ் போன்ற ஹைட்ரோஜெல்லில், வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களைக் கலந்து எலும்பை வளர்க்கலாம் என்று நீங்கள் எழுதுவதையெல்லாம் தேடித் தேடிப் படிக்க அந்த வலிதான் காரணம்.

ஜெல் வெறும் பாத்திரமல்ல என்று காட்டியவர்கள் நீங்கள். ஒரே வகை செல், மெத்தென்ற பரப்பில் நரம்புச் செல்லின் சாயலையும் விறைப்பான பரப்பில் எலும்புச் செல்லின் சாயலையும் பெறுகிறது என்ற 2006-ஆம் ஆண்டு ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் கசிந்து போய்ச் சேரும் தூரம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். நிரப்ப வேண்டிய பள்ளமோ சென்டிமீட்டர் கணக்கு. புதிய குழாய்கள் வந்து சேர்வதற்குள் நடுவிலிருக்கும் செல்கள் மூச்சுமுட்டிச் செத்துப்போகின்றன. வைத்த செல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் காணாமல் போவதைப் பல ஆய்வுகளில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களிலிருந்து எடுக்கும் இந்தச் செல்களுக்கு 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரை 1991-இல் பரப்பிய உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்லனே, இவை பெரும்பாலும் சுற்றியுள்ள செல்களுக்குச் சமிக்ஞை அனுப்பித்தான் உதவுகின்றன, பெயரை மாற்றுங்கள் என்று 2017-இல் எழுதினார். அந்த நேர்மையைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

எலும்பு நிறைந்த ஸ்கேன் படத்தைப் போடும்போது, பக்கத்திலேயே முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் உயிரோடிருந்த செல்களின் எண்ணிக்கையையும் போடுங்கள். செல்லே இல்லாத வெறும் ஜெல் எவ்வளவு எலும்பு வளர்த்தது என்பதையும் அதே படத்தில் காட்டுங்கள். இரண்டும் ஒன்றுபோல் வந்தால் அது தோல்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மஜ்ஜை எடுக்கவும் வேண்டாம், வாரக்கணக்கில் செல் வளர்க்கவும் வேண்டாம் என்றால் என் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல சேதி ஏது?

எலியின் மண்டையோட்டில் போட்ட துளை மூடியதற்கும், ஆள் எடையைத் தாங்கும் கால் எலும்பு கூடுவதற்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது. பெரிய விலங்குகளில் சோதிப்பது செலவும் சிரமமும் பிடித்த வேலை என்பது தெரியும். அதுவரைக்குமாவது கட்டுரையின் தலைப்பிலேயே 'எலியில்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். நிரூபணமாகாத ஸ்டெம் செல் ஊசியை விற்பவர்கள், அந்தச் சொல் இல்லாத தலைப்பைத்தான் வலியோடு வருகிறவர் முன் நீட்டுகிறார்கள். என்னிடமும் ஒருவர் நீட்டினார். பணம் கட்டும் அளவுக்குப் போய்விட்டேன். கட்டுரையை முழுக்கப் படித்ததால்தான் திரும்பி வந்தேன்.

உயிரோடிருந்த செல்களின் எண் சிறியதாக இருந்தாலும் எழுதுங்கள். காத்திருக்க நாங்கள் தயார்.

அன்புடன்,
உங்கள் ஆய்வுகளைப் படிக்கும் ஒரு நோயாளி