விலாங்குக்கும் ஒரு வழி விடுங்கள்

மேட்டூர் அணையையும் அதற்குக் கீழே உள்ள காவிரிக் கதவணைகளையும் பார்த்துக்கொள்ளும் நீர்வளத்துறை, மின்வாரியம், மீன்வளத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடிக்காரனுக்குக் காவிரி மீனைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். 2009-ல் வந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் எங்கள் மாவட்டமும் குடிப்பது காவிரித் தண்ணீர்தான். அந்த உரிமையில், காவிரி அணைகளைத் தாண்டி விலாங்கு மீன் ஏறி இறங்க வழி கேட்டு எழுதுகிறேன்.

எங்களுக்கு மீன் பாடம் கண்மாயில்தான். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு பாயும்போது கெண்டையும் கெளுத்தியும் தண்ணீரை எதிர்த்து ஏறும். ஏத்துமீன் என்போம். கலுங்கு தாழ்வு, கல்லும் சரிவு. சிலது ஏறிவிடும், சிலது அரிகூடையில் விழும். மேட்டூரோ 214 அடி, செங்குத்து.

அந்த அணை 1934-ல் முடிந்தது. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம், வங்காளிகள் உயிரை விடும் அதே மீன், அதன்பின் அருகிப்போனது. சுவரை மட்டும் குறை சொல்லவில்லை. மீனை ஆற்றுக்குள் இழுக்கும் புதுவெள்ளமே அணைக்குள் நின்றுவிட்டது.

நீர்த்தேக்கத்தில் கட்லா, ரோகு குஞ்சு விடுகிறீர்கள். விடுங்கள், வலைக்காரர் வீட்டில் உலை கொதிக்கட்டும். ஆனால் விலாங்கை அப்படி விட முடியாது. அது முட்டையிடுவது கடலில். நம் பண்ணைத் தொட்டியில் பொரிக்காது. ஊசி மாதிரிக் குஞ்சுகள் முகத்துவாரத்தில் நுழைந்து ஆற்றோடு ஏறி, நன்னீரில் பல வருடம் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குப் போகவேண்டும். ஏறும்போது சுவர், இறங்கும்போது மின்நிலையத்தில் சுழலும் டர்பைன். பொடிமீன் நழுவிப்போகும் இடத்தில் விலாங்கு அடிபடும். உடம்பு அவ்வளவு நீளம்.

அதற்காகத் தயவுசெய்து வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து மீன் ஏறும் படிக்கட்டு கட்டிவிடாதீர்கள். அது துள்ளுகிற சால்மனுக்கு. உல்லம் அப்படித் துள்ளாது. விலாங்குக் குஞ்சுக்குச் சொரசொரப்பான ஒரு சரிவும் அதில் எப்போதும் கசியும் தண்ணீரும் போதும், ஊர்ந்தே ஏறிவிடும். இறங்கும் பெரிய விலாங்குக்கு டர்பைன் வாயில் நெருக்கமான கம்பித் தடுப்பு, பக்கத்தில் தனி வாய்க்கால். வெள்ளம் வரும் இரவுகளில் சில மணி நேரம் டர்பைனை நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. மின்சாரம் குறையும், தெரியும்.

மேட்டூரில் தொடங்கச் சொல்லவில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை போன்ற கதவணைகள் ஒவ்வொன்றும் 30 மெகாவாட், உயரமும் குறைவு. அடுத்த பராமரிப்பின்போது ஒன்றில் செய்துபாருங்கள். ஏறியது எத்தனை, இறங்கியது எத்தனை என்று இரண்டு மழைக்காலம் எண்ணி, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பத்துதான் ஏறியது என்றாலும் பத்து என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்க்கரைக்காரன்