மதுபான உரிமம் தொங்கப்போகும் கட்டடங்களுக்கு அனுமதி வழங்குமுன் கவனிக்க வேண்டியவை: வெள்ளவத்தை ஒழுங்கைவாசிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் குடியிருப்போரும் கடை நடத்துவோரும்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
மாநகர ஆணையாளர்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம், கொழும்பு 07.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

மதுபான விற்பனைக்கு உரிமம் கொடுப்பது மதுவரித் திணைக்களம். அந்த உரிமம் தொங்கப்போகும் கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது சபை. ஆட்சேபம் சொல்ல வருபவர் எந்த வாசலில் நின்றாலும் மற்ற வாசலைக் காட்டிவிடலாம். காட்டுபவர் சொல்வது பொய்யுமில்லை. நாம் மதுவிலக்குக் கேட்கவில்லை. உரிமம் உள்ள கடையை மூடினால் கசிப்பு எனும் கள்ளச்சாராய வியாபாரிக்குத்தான் கொண்டாட்டம் என்பது கொழும்பில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சபையின் கையில் உள்ள அனுமதி நடைமுறைப் படிகளை, கோப்பு சபையை விட்டு வெளியேறுவதற்கு முன்னரே முழுதாகப் பயன்படுத்துங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் உரிமங்களில் எமது ஒழுங்கைகளைத் தொடுபவை பெரும்பாலும் இரண்டு வகை. எஃப்.எல். 4 என்பது போத்தலை வாங்கிக்கொண்டு போகும் வைன் ஸ்டோர்ஸ். எஃப்.எல். 11 என்பது உணவகத்தில் உட்கார்ந்து குடிப்பதற்கானது. முதலாவதால் வரும் தொல்லை கடைக்கு வெளியே, தெருவில் நடக்கிறது. இரண்டாவதால் வருவது கட்டடத்துக்கு உள்ளிருந்து பக்கத்து வீட்டுச் சுவருக்குள் இறங்குகிறது. ஒரே பரிசோதனைப் படிவம் இரண்டுக்கும் போதாது.

வைன் ஸ்டோர்ஸை எடுத்துக்கொள்வோம். அங்கே மூடிய போத்தல்தான் விற்கலாம், அருந்த இடமில்லை. ஆனால் 180 மில்லிலீற்றர் கால் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோக என்று வாங்குபவர் குறைவு. பக்கத்துக் கடையில் ஒரு சோடா, ஒரு பிளாஸ்டிக் கப், ஒரு சரை கடலை. பிறகு ஒழுங்கையின் முதல் வளைவில், தெருவிளக்கு எட்டாத மதிலோரத்தில் பத்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். கப் வடிகாலின் கம்பி மூடியில் சிக்கி நிற்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறுவது அந்த இடத்தில்தான். வாடிக்கையாளருக்கு மலசலகூடம் இல்லாததால் அந்த மதிலே அதற்கும் பயன்படும். இதில் கடைக்காரர் எந்த விதியையும் மீறவில்லை. கடையை மட்டும் பார்க்கும் அறிக்கை "குறைபாடு இல்லை" என்று முடிவதற்குக் காரணமும் அதுவே.

ஆகவே கட்டடப் பாவனை மாற்றத்துக்கோ, கட்டடம் அனுமதித்த படத்தின்படி உள்ளது என்னும் இணக்கச் சான்றிதழுக்கோ வரும் விண்ணப்பத்தில் மதுபான விற்பனை நோக்கம் தெரியவந்தால், பரிசோதனை கடை வாசலில் தொடங்கி இரு பக்கமும் ஐம்பது மீற்றராவது நடக்க வேண்டும். அணைந்த தெருவிளக்கு எது, மூடியில்லாத வடிகால் எது, ஆள் நின்றால் காலி வீதியிலிருந்து தெரியாத மூலை எது என்று வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். விளக்கைத் திருத்துவது சபையின் வேலை. மூடும் நேரத்தில் அந்த ஐம்பது மீற்றரைக் கூட்டி அள்ளுவது கடையின் வேலை என நிபந்தனை எழுதப்பட வேண்டும்.

பரிசோதனை நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு வந்தால் எந்த வைன் ஸ்டோர்ஸும் மருந்துக்கடை போல அமைதியாக இருக்கும். வெள்ளி மாலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் வாருங்கள். அதைவிட நல்லது பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு முதல் நாள் மாலை. மறுநாள் எல்லா மதுக்கடையும் பூட்டு என்பதால் வரிசை காலி வீதி நடைபாதைக்கு நீளும், முச்சக்கரவண்டிகள் ஒழுங்கை முகத்தை அடைத்து நிற்கும். அன்று ஐந்தாறு போத்தலாக அள்ளிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் வீட்டில் விருந்து வைப்பதில்லை என்பதையும் பணிவுடன் சொல்லி வைக்கிறோம்.

பாடசாலையிலிருந்தும் வணக்கத்தலத்திலிருந்தும் உள்ள தூரத்தை எழுதும்போது, எங்கிருந்து எங்குவரை அளந்தது என்பதும் எழுதப்பட வேண்டும். கதவிலிருந்து கதவுக்கு அளப்பதும், மதிலிலிருந்து மதிலுக்கு அளப்பதும், நடந்து போகும் வழியில் அளப்பதும் ஒரே எண்ணைத் தராது. வெள்ளவத்தையில் இன்னொன்றும் உண்டு: பிள்ளைகள் பாடசாலையை விட அதிகம் போய்வருவது டியூசன் வகுப்புகளுக்கு. அவை பாடசாலைப் பட்டியலில் வராது; ஆனால் மாலை ஏழரைக்கு வகுப்பு விடும்போது ஒழுங்கை நிறையப் பிள்ளைகள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக்கூடாது. உயர்தர வகுப்புப் பையன்கள் தினமும் கடந்துபோகும் கதவை எங்கே வைப்பது என்பதை, குறைந்தபட்சம் காலி வீதிப் பக்கமா ஒழுங்கைப் பக்கமா என்றாவது, சபை நிபந்தனையாக விதிக்கலாம். போத்தல் பெட்டி இறக்கும் லொறியும் அப்படியே: பாடசாலை விடும் பகல் ஒன்றரையை ஒட்டிய நேரத்தில் வேண்டாம், காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இறக்கட்டும்.

இனி உணவகம். முன்பு வீடாக இருந்த, அல்லது தொடர்மாடியின் கீழ்த்தளமாக இருந்த இடம் முதலில் "உணவகம்" என்று அனுமதி பெறும். வாகனத் தரிப்பிடம், கழிவறை, அவசர வழி எல்லாம் சோறும் கொத்தும் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் எழுந்து போகிறவர்களுக்கு என்று கணக்கிடப்பட்டவை. பிறகு மதுபான உரிமம் கிடைத்ததும் அதே கதிரையில் மூன்று நான்கு மணி நேரம் இருப்பார்கள். கட்டடப் படத்தில் ஒரு கோடும் மாறாது. பாவனை முழுதாக மாறிவிடும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் பாவனை மாற்றத்துக்குத் தனி அனுமதி வேண்டும். உணவகம் மது பரிமாறும் இடமாவதைச் சபை பாவனை மாற்றமாகவே கருதி, தரிப்பிடத்தையும் வெளியேறும் வழியையும் மறுபடி கணக்கிட வேண்டும் என்பது எமது முக்கியமான கோரிக்கை.

அடுத்தது சத்தம். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. அவற்றின்படி இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்குகிறது. பத்து மணிக்கு அல்ல. காலி வீதிப் போக்குவரத்தே சத்தம்தானே என்று சொல்வார்கள். அதனால் ஒரே இரவில் இரண்டு தடவை, பாட்டு ஓடும்போது ஒன்று, நிறுத்திவிட்டு ஒன்று, பக்கத்துக் காணி எல்லையில் நின்று அளக்க வேண்டும். மனிதக் காதுக்கேற்ப எடையிட்ட வழக்கமான ஏ அளவீட்டில் பாட்டின் தாழ்ந்த பேஸ் அடி குறைவாகவே பதியும். கருவியில் 50க்குக் கீழே காட்டினாலும் மேல்மாடிப் படுக்கையறையில் யன்னல் கண்ணாடி அதிர்வது அதனால்தான். ஒலிபெருக்கிப் பெட்டியைப் பொதுச் சுவரிலும் தளத்திலும் பொருத்தாமல், கீழே ரப்பர் வைத்துத் தனியே நிறுத்துவதற்குச் செலவு அதிகமில்லை. ஒழுங்கைப் பக்க யன்னல்கள் நிரந்தரமாக மூடப்பட வேண்டும். வாசல் இரட்டைக் கதவாக இருக்க வேண்டும். ஒற்றைக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் பாட்டு தெருவுக்கு வந்துவிடும்.

மதுவுடன் கொறிக்கும் பைட் பொரிக்கும் அடுப்பு நள்ளிரவு வரை எரியும். புகைக்குழாய் பக்கத்து வீட்டு யன்னல் மட்டத்தில் முடியாமல் கூரைக்கு மேலே போக வேண்டும். கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் கிறீஸ் ட்ராப் வைத்தால் போதாது, வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். அள்ளிய திகதியைக் குறிக்கும் கொப்பி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டவுடன் எடுத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வெற்றுப் போத்தல்களை இரவு ஒரு மணிக்குப் பெட்டியில் கொட்டும் சத்தத்தை நிறுத்த ஒரு வரி நிபந்தனை போதும்: இரவு பத்துக்குப் பின் உள்ளேயே வைத்து, காலை எட்டுக்குப் பின் வெளியே எடுப்பது.

இவை எல்லாம் கேட்கப்பட வேண்டுமானால் விண்ணப்பம் வந்திருப்பது அயலவருக்குத் தெரிய வேண்டும். 2024இல் நாடு முழுவதும் 361 மதுபான உரிமங்கள் வழங்கப்பட்டதாகவும், அவற்றில் 110 மேல் மாகாணத்தில் என்றும் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியல் சமர்ப்பிக்கப்பட்டது. அப்போது உரிமங்கள் கொடுபட்டு முடிந்திருந்தன. பிரித்தானியர் காலத்தில் ஊரவர் வாக்களித்துத் தவறணை எனும் சாராயக் கடையை மூடவே வழியிருந்தது. நாம் கேட்பது ஓர் அறிவித்தல் மட்டும். குறித்த கட்டடத்தின் வாசலில், கண் மட்டத்தில், தமிழிலும் சிங்களத்திலும், 21 நாட்களுக்கு. உரிம வகை, விற்பனை நேரம், ஆட்சேபம் அனுப்ப வேண்டிய மேசை, கடைசித் திகதி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இருக்கிறதுதான். ஆனால் கேள்வி கேட்பதற்கு முதலில் விண்ணப்பம் இருப்பது தெரிய வேண்டுமே.

மதுவரி உரிமங்கள் டிசம்பர் 31 உடன் காலாவதியாகி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன. அதனால் ஏற்கெனவே உள்ள இடங்கள் குறித்த முறைப்பாட்டுப் பதிவேட்டை ஒக்டோபர் மாத முடிவில் தொகுத்து, நவம்பர் 15க்கு முன் பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் சபை எழுத்தில் அனுப்ப வேண்டும். ஜனவரியில் அனுப்பும் கடிதத்துக்கு இன்னொரு பதினொரு மாதம் காத்திருக்க நேரும்.

முதற்படியாக, அடுத்த போயாவுக்கு முந்திய மாலை ஆறரை மணிக்கு வட்டாரப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கட்டடப் பிரிவு அலுவலர் ஒருவரையும் எமது ஒழுங்கைகளுக்கு அனுப்பிவைக்குமாறும், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி இம்மனுவுக்கான பதிலைத் தமிழில் தருமாறும் வேண்டுகிறோம். மேலே சொன்ன மூலைகளைக் குறித்த கைவரைபடம் ஒன்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
கையொப்பமிட்ட குடியிருப்பாளர்களும் கடைக்காரர்களும்

பிரதிகள்:
மதுவரி ஆணையாளர் நாயகம்
பிரதேச செயலாளர், திம்பிரிகஸ்யாய