கணக்கு வரவில்லையா, கேள்வி புரியவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்தபின், ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறுவது சாதாரணமாகிவிட்டது. மாறிய பிள்ளை கணக்கில் சறுக்கினால் உடனே 'மெல்லக் கற்போர்' பட்டியலில் பெயர் ஏறிவிடுகிறது. அதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம். தப்பாகப் போட்ட அதே கணக்கை, எண்களை மட்டும் மாற்றி, தமிழில் கொடுங்கள். போட்டுவிட்டால் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கேள்விதான் புரியவில்லை. தமிழிலும் திணறினால்தான் பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டும்.

கலைச்சொற்கள்தான் தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ட்ரையாங்கிள், ஃபேக்டர், டெசிமல் எல்லாம் நாலு நாள் காதில் விழுந்தால் படிந்துவிடும். காலை வாரிவிடுபவை ஃப்ரம் (from), பை (by), டு (to), தேன் (than), அட் லீஸ்ட் (at least) போன்ற சில்லறைச் சொற்கள். 'சப்ட்ராக்ட் 7 ஃப்ரம் 15' என்றால் பிள்ளை 7 − 15 என்று எழுதுகிறது. இது கவனக்குறைவு இல்லை. '15-லிருந்து 7-ஐக் கழி' என்று தமிழில் கேட்கும் வரிசையிலேயே எழுதினால் கணக்கு சரியாக அமையும். ஆங்கிலத்தில் அந்த எண்கள் இடம் மாறி வருகின்றன. 'அட் லீஸ்ட் 10' என்றதும் லீஸ்ட் மட்டும் காதில் நிற்க, விடை 10-க்குக் கீழே போய்விடுகிறது. 'குறைந்தது 10' என்று கேட்டால் அதே பிள்ளை 10, 11, 12 என்று சரியாக அடுக்கும்.

எல்லாவற்றிலும் மோசம் 'பை'. 3 பை 4 பின்னம். 12 பை 10 அறை நீள அகலம். டிவைடட் பை வகுத்தல். இன்கிரீஸ்டு பை 20 கூட்டல். (வட்டத்துக்கு உரிய பை வேறு தனியாக வந்து நிற்கும்.) விலை 80 ரூபாய் என்றால், 'ரெட்யூஸ்டு பை 20' 60 ரூபாய், 'ரெட்யூஸ்டு டு 20' 20 ரூபாய். இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்கோடு போடுங்கள். முதல் கோட்டில் 80-லிருந்து 20 கட்டம் பின்னால் தாவி 60-இல் நிற்க வேண்டும். இரண்டாவதில் அம்பு 20-க்கே போய் முடிய வேண்டும். அதற்கு மேல் விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

'மோர் (more) வந்தால் கூட்டு, லெஸ் (less) வந்தால் கழி' என்ற குறுக்குவழியைச் சொல்லித் தருவதை முதலில் நிறுத்த வேண்டும். 'ரமேஷ் ஹேஸ் 12 மார்பிள்ஸ். ஹி ஹேஸ் 5 மோர் தேன் மணி.' மணியிடம் எத்தனை? குறுக்குவழி 17 என்று சொல்லும், சரியான விடை 7. ஒவ்வொரு கேள்வியையும் ஆசிரியரே தமிழில் சொல்லிவிடுவதும் உதவாது. தமிழ் வரட்டும் என்று பிள்ளை காத்திருக்குமே தவிர, ஆங்கில வரியைப் படிக்காது.

மூன்று முறை படிக்க வைப்பது பலன் தருகிறது. முதலில் எண்கள் இல்லாமல் கேள்வியை எழுதிப் போட்டு, என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும். 'ரமேஷிடம்தான் அதிகம்' என்று பிள்ளை வாயாலேயே வந்துவிட்டால் 17 வர வழியில்லை. இரண்டாம் முறை, எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது. சில்லறைச் சொற்களுக்கு அடிக்கோடு இடுவதும் இப்போதுதான். மூன்றாம் முறைதான் எண்கள். பக்கத்துப் பிள்ளையோடு தமிழில் பேசிக்கொள்ளட்டும். விடையை மட்டும் 'தேர்ஃபோர், மணி ஹேஸ் ____ மார்பிள்ஸ்' என்று பாதி எழுதிக் கொடுத்த ஆங்கில வரியில் முடிக்கட்டும். பயிற்சி முழுவதையும் இப்படி நடத்த நேரம் போதாது, ஒரு பாடவேளைக்கு இரண்டு கணக்கு போதும்.

மனக்கணக்கு கேட்கும்போது தர்ட்டீன், தர்ட்டி குழப்பம் வரும். எண்ணைப் பலகையில் எழுதிவிட்டே கேளுங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணித வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகின்றன. ஆறாம் வகுப்பின் அலகுத் தேர்வுத் தாள்களையும் அப்படியே தயாரிக்கலாம், மொழி மாறும் முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது. பாடநூலை அடுத்துத் திருத்தும்போது, கலைச்சொல் பட்டியலோடு இந்தச் சில்லறைச் சொற்களுக்கும், சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டுடன், ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

— கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
திண்டுக்கல்