ஆண்டறிக்கை: செங்குறுமீன்களும் அவற்றின் துணைகளும்

தலைவர், பொருளாளர், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பொதுமக்களுக்கான தொலைநோக்கி நிகழ்ச்சிகள் வழக்கம்போல நடந்தன. அதைவிட விரிவாகச் சொல்ல வேண்டியது இரட்டை விண்மீன் பிரிவின் பணி. சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த செங்குறுமீன்களில் எத்தனைக்குத் துணை விண்மீன் உண்டு என்பதை இப்பிரிவு இவ்வாண்டு எடுத்துக்கொண்டது.

விண்மீன்களில் பாதிக்கு மேல் இரட்டை என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. சூரியனையொத்த விண்மீன்களில் துணை உள்ளவை என வானியலாளர் ராகவன் குழுவினர் 2010-இல் கண்டது 44 விழுக்காடு. செங்குறுமீன்களுக்கு அதுவும் இல்லை. 25 பார்செக் (சுமார் 82 ஒளியாண்டு) தொலைவுக்குள் 1,120 செங்குறுமீன்களை எடுத்துக்கொண்ட விண்டர்ஸ் குழுவின் 2019 கணக்கு 26.8 விழுக்காடு. எடை குறையக் குறையத் துணையும் அரிதாகிறது. துணை இருக்கும் இடத்திலும் அது நெருங்கி ஒட்டியே இருக்கிறது. விண்மீன்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு செங்குறுமீன்களே என்பதால், மொத்தத்தில் தனியாள்தான் பெரும்பான்மை.

எண்ணும்போது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒளித்தரத்தை, அதாவது வானில் தெரியும் பிரகாசத்தின் அளவை, வரம்பாக வைத்துப் பட்டியல் போட்டால் இரட்டைகள் மிகையாக நுழையும். சம ஒளியுள்ள இணை, ஒற்றையைவிட இருமடங்கு ஒளிரும், 1.41 மடங்கு தொலைவிலும் பட்டியலுக்குள் வந்துவிடும். கன அளவில் அது 2.8 மடங்கு. ஆகவே தொலைவை வரம்பாக்கியே பட்டியல் தயாரிக்க வேண்டும். விண்மீன்களின் தொலைவை அளந்த ஐரோப்பியச் செயற்கைக்கோளான கையாவின் தரவு இருக்கும்போது இதற்குச் சாக்கு இல்லை.

அதே கையா தரவில் இரண்டு சோதனைகளைச் சேர்த்தே செய்யும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விண்மீனின் அளந்த நகர்வு ஒற்றை விண்மீன் கணிப்போடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்.யு.டபிள்யூ.ஈ. (RUWE) எண் 1.4-ஐத் தாண்டினால் ஒற்றை விண்மீன் என்ற கணிப்பு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். ஆனால் நெருங்கிச் சுற்றும் இரண்டும் சம ஒளியுடையவையானால் ஒளியின் மையம் அசையாது. எண் சாதாரணமாகவே இருக்கும். அப்போது நிறத்துக்கு உரியதைவிட 0.75 ஒளித்தரம் வரை பிரகாசமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இளம் விண்மீனும் அப்படித் தோன்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

அருகே தெரியும் புள்ளியெல்லாம் துணை ஆகாது. ஆண்டுக்கு 1 விகலை (பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) நகரும் செங்குறுமீன், 1950-களில் பாலோமார் வானாய்வகம் எடுத்த படத்திலிருந்து இன்றைக்கு 70 விகலை போல இடம் மாறியிருக்கும். கூடவே வந்தது துணை. நின்ற இடத்திலேயே நிற்பது பின்னணி.

கண்ணால் பார்க்கக் கிடைப்பவை சில. 25 பார்செக்கில் 20 வானியல் அலகு (பூமி–சூரியன் தொலைவைப் போல 20 மடங்கு) இடைவெளி வெறும் 0.8 விகலை, நம் 200 மி.மீ. டாப்சோனியன் தொலைநோக்கிக்கு, அதுவும் மங்கலான சமமற்ற இணையில், எட்டாது. மூன்று விண்மீன்கள் கொண்ட 40 எரிடானி எட்டும். பிரகாசமான ஏ-யிலிருந்து 83 விகலை தள்ளி பி என்னும் வெண்குறுமீன் (எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய எச்சம்), அதற்குச் சுமார் 8 விகலையில் சி என்னும் செங்குறுமீன். 200 மடங்கு உருப்பெருக்கத்தில் ஏ-யைப் பார்வைப்புலத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டால் 11-ஆம் ஒளித்தரமுள்ள சி தென்படும். தள்ளாவிட்டால் ஏ-யின் கூச்சமே மிஞ்சும். குரூகர் 60 என்னும் செங்குறுமீன் இணை மாலையில் உச்சிக்கு வரும் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை; அதை விடியற்காலைக்கு மாற்றி, ஜூன், ஜூலை மாதங்களுக்கு ஒதுக்கலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

ஒளிமாற்றத்தை அளந்து பதிவு செய்ய விரும்புவோருக்கு ஒய்ஒய் ஜெமினோரம், அதாவது காஸ்டர் சி. ஏறக்குறைய சமமான இரண்டு செங்குறுமீன்கள் 19 மணி 32 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றன. 9 மணி 46 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றை மற்றொன்று மறைக்கும், அந்த மறைப்பின் நீளம் சுமார் 2 மணி. ஒளி பாதியளவுக்கு இறங்கும். பிரகாசமான காஸ்டர் 70 விகலையில்தான் இருப்பதால் அதைச் சட்டகத்துக்கு வெளியே வைத்து, குறுகிய பதிவுகளாக எடுத்துப் பின்னர் அடுக்க வேண்டும். பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் வி வடிகட்டி கட்டாயம்; நீல வடிகட்டியில் திடீர் ஒளிவெடிப்புகள் பெரிதாகத் தெரிந்து, ஒளிமாற்றத்தைக் காட்டும் வளைகோட்டைக் கெடுக்கும்.

வி வடிகட்டி வாங்குவதற்கான தீர்மானம் இவ்வறிக்கைக்குப் பின் வாக்கெடுப்புக்கு வருகிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

செயலாளர்