பொய்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியக் காளான் வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "இத்தனை பொய் சொன்னவள் கொலை செய்யாமலா இருந்திருப்பாள்? இதற்குப் போய்ப் பத்து வாரம் விசாரணை எதற்கு?" என்று கேட்டீர்கள். அப்போது நான் பதில் சொல்லவில்லை. இதே கேள்வியைப் பலரும் கேட்டுவிட்டதால், உங்களுக்கு எழுதும் பதிலை மற்றவர்களும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தீர்ப்பு தவறு என்று நான் வாதாடப் போவதில்லை. எரின் பாட்டர்சன் குற்றவாளி என்று 2025 ஜூலை 7 அன்று ஜூரி சொன்னது எனக்கும் சரியாகவே படுகிறது. அந்த முடிவுக்கு நீங்கள் போய்ச் சேர்ந்த வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வழக்கைத் தொடர்ந்து கவனிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விக்டோரியா மாநிலத்தின் லியோங்கத்தா என்ற சிற்றூரில், 2023 ஜூலை 29 அன்று, எரின் பாட்டர்சன் தம் வீட்டில் மதிய விருந்து வைத்தார். பிரிந்து வாழ்ந்த கணவரின் பெற்றோர், மாமியாரின் தங்கை, அந்தத் தங்கையின் கணவர் ஆகிய நால்வர் வந்தார்கள். அழைக்கப்பட்டிருந்த கணவர் முதல் நாள் இரவே வரவில்லை என்று சொல்லிவிட்டார். மாட்டிறைச்சியைக் காளான் விழுதுடன் மாவில் பொதிந்து சுட்ட 'பீஃப் வெலிங்டன்'தான் உணவு. அந்த விழுதில் 'டெத் கேப்' எனப்படும் அமனிட்டா ஃபெல்லாய்டெஸ் காளான் கலந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் மூவர் இறந்தார்கள். ஒருவர் பல வாரச் சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். மோர்வெல் நகரில் நடந்த விசாரணையின் முடிவில் மூன்று கொலைகளும் ஒரு கொலை முயற்சியும் நிரூபணமாயின. ஆயுள் தண்டனை விதித்த நீதிபதி கிறிஸ்டோபர் பீல், 33 ஆண்டுகள் கழியும்வரை பரோல் கேட்க முடியாது என்றும் உத்தரவிட்டார்.

அவர் பொய் சொன்னார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாட்சிக்கூண்டில் நின்று அவரே ஒப்புக்கொண்டார். காய்கறி உலர்த்தும் மின்கருவி தம்மிடம் இருந்ததே இல்லை என்று காவல்துறையிடம் சொன்னது பொய். காட்டுக் காளான் பறித்ததே இல்லை என்றதும் பொய். புற்றுநோய்ச் சிகிச்சை வரக்கூடும் என்று விருந்தினர்களை நம்பவைத்ததும் உண்மைக்கு மாறானது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காலின் மாண்டி இவற்றில் எதையும் மறைக்க முயலவில்லை; பொய் சொன்னதற்காகப் பாட்டர்சன் மீது வழக்கு நடக்கவில்லை என்பதையே தம் வாதமாக வைத்தார். இதைச் சாமர்த்தியமான வக்கீல் பேச்சு என்று நீங்கள் ஒதுக்கிவிடுவீர்கள். ஆனால் விக்டோரியாவின் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

அங்கே ஜூரிக்கு நீதிபதி என்னென்ன அறிவுறுத்த வேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகுத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் பிற்பாடு சொன்ன பொய்யையோ, தடயத்தை மறைத்த செயலையோ, குற்றத்தைத் தாமே உணர்ந்திருந்ததன் அடையாளமாக ஜூரி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொய்க்கு நியாயமாகச் சொல்லக்கூடிய ஒரே விளக்கம் அந்தக் குற்ற உணர்வுதான் என்று ஜூரிக்குத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினாலும் வேலை முடிந்துவிடாது. மொத்தச் சாட்சியத்தையும் வைத்து, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்று மறுபடியும் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1981இல் லூக்காஸ் என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் இதே தடத்தில்தான் போகிறது: நியாயம் தம் பக்கம் இருந்தும் அதற்கு வலுச்சேர்க்க நினைத்துப் பொய் சொல்பவர்கள் உண்டு, வெட்கத்தால் சொல்பவர்கள் உண்டு, வீட்டாருக்குத் தெரியக்கூடாத ஒன்றை மறைப்பதற்காகச் சொல்பவர்களும் உண்டு. பாட்டர்சனின் விளக்கங்களைப் பாருங்கள், அண்ணா. உடல் எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்குத் திட்டமிட்டிருந்தாராம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் புற்றுநோயைச் சாக்காக வைத்தாராம். காளானில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதென்று உணர்ந்ததும், குழந்தைகளைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து கருவியைக் குப்பைக் கிடங்கில் போட்டாராம். இவற்றை நான் நம்பவில்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் தள்ளிவிடக்கூடிய கதைகளும் அல்ல இவை. பத்து வாரத்தின் கணிசமான பகுதி இவற்றைச் சோதிப்பதில்தான் போயிற்று.

பொய்களை எண்ணிக் கூட்டினால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு பொய்யும் எப்போது சொல்லப்பட்டது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். பதற்றம் என்ற விளக்கம் எல்லாப் பொய்களையும் ஒரே மூச்சில் மூட வந்த போர்வை. அது எதுவரை நீள்கிறது என்று பார்க்க வேண்டாமா? 2023 ஆகஸ்ட் 2 அன்று கருவி குப்பைக் கிடங்குக்குப் போனது. அதற்கு முந்தைய நாள் மருத்துவமனையில், "அந்தக் கருவியை வைத்துத்தான் என் பெற்றோருக்கு விஷம் கொடுத்தாயா?" என்று கணவர் கேட்டதாகவும், அப்போதுதான் பயம் தொற்றியதாகவும் அவர் சொன்னார். கணவர் அப்படிக் கேட்கவே இல்லை என்று மறுத்தார். கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கருவியைப் போட்டதற்கும், கைபேசியில் இருந்தவற்றைத் திரும்பத் திரும்ப அழித்ததற்கும், ஆகஸ்ட் 5 அன்று காவல்துறையிடம் சொன்ன பொய்களுக்கும் அந்தப் பயம் ஒரு காரணமாகலாம். ஜூலை 31 அன்று, உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்த பிறகும், லியோங்கத்தா மருத்துவமனைக்கு வந்த சில நிமிடங்களிலேயே வெளியேறிப் போனதற்கு அது காரணமாகாது. அந்த உரையாடல் அப்போது நடந்திருக்கவில்லை. புற்றுநோய்க் கதையோ, உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று விருந்துக்கு அழைத்தபோதே தொடங்கி, விருந்து மேசையில் சொல்லப்பட்டது. அந்த வேளையில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, பயப்படவும் எதுவும் இல்லை.

இதனால் அந்த ஒரு பொய் மற்றவற்றோடு ஒரே வரிசையில் நிற்கக்கூடாது என்று நினைக்கிறேன். விருந்துக்குப் பிந்திய பொய்கள், நடந்துவிட்ட ஒன்றை மறைக்கின்றன. அது விபத்தாகவும் இருக்கலாம், கொலையாகவும் இருக்கலாம். முந்திய பொய், நடக்கப்போகும் ஒன்றுக்கு ஆட்களைக் கூட்டிவருகிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் நானெட் ரோஜர்ஸ் தம் வாதத்தை நான்கு ஏமாற்றுகளாக அடுக்கியபோது புற்றுநோய்க் கதையை முதலில் வைத்தார். உணவில் நஞ்சைச் சேர்த்தது அடுத்தது. தாமும் நோயுற்றதாக நடித்தது மூன்றாவது. எல்லாவற்றையும் மூடி மறைத்தது கடைசி. இந்த அடுக்கில் ஒரு காலவரிசை இருக்கிறது. தெருவில் நாம் பேசும்போது அந்த வரிசையைக் கலைத்து, எல்லாவற்றையும் 'பொய்க்காரி' என்ற ஒரே பெயருக்குள் போட்டுவிடுகிறோம்.

இனி உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அவர் வாயிலிருந்து வந்த பொய் அத்தனையையும் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது? லாக், அவுட்ரிம் என்ற இரண்டு ஊர்களில் டெத் கேப் காளான் முளைத்திருப்பதாக, இயற்கை ஆர்வலர்கள் பதிவிடும் 'ஐநேச்சுரலிஸ்ட்' தளத்தில் 2023 ஏப்ரலிலும் மே மாதத்திலும் படத்தோடு தகவல் வந்தது. அந்தப் பதிவுகளுக்குப் பிந்திய நாள்களில் அவருடைய கைபேசி அந்தப் பகுதிகளின் கோபுரங்களோடு தொடர்பில் இருந்ததாக நிபுணர் சாட்சியம் அளித்தார். உலர்த்தும் கருவி வாங்கப்பட்டது 2023 ஏப்ரல் 28 அன்று. குப்பைக் கிடங்கிலிருந்து மீட்ட கருவியில் அவருடைய கைரேகையும், ஒட்டியிருந்த மிச்சத்தில் அந்தக் காளானின் நஞ்சும் கிடைத்தன. விருந்தினர் நால்வருக்கும் சாம்பல் நிறத் தட்டுகள், அவருக்கு மட்டும் வேறு நிறத்தில் சிறிய தட்டு என்று பிழைத்தவர் கூறினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொதிகளாகச் சமைத்ததால், யாருக்கு எது போகும் என்பது சமைத்தவரின் கையில் இருந்தது. ஒரே உணவை உண்டதாகச் சொன்ன ஐவரில் நால்வர் சாவின் விளிம்புக்குப் போக, ஐந்தாமவருக்கு மட்டும் கல்லீரல் கெடவில்லை.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த நஞ்சு தானே ஒரு சாட்சியைப்போல நடந்துகொள்கிறது. டெத் கேப்பில் உள்ள அமடாக்சின் வெப்பத்துக்கு அழியாது. சமைத்தாலும் உலர்த்தினாலும் அப்படியே இருக்கும். உண்டதும் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு நோயாளி தேறுவதுபோல ஒரு இடைவேளை வரும். அதற்குள் கல்லீரலின் உயிரணுக்கள் புரதம் உருவாக்க முடியாமல் மடியத் தொடங்கியிருக்கும். விருந்தினர்கள் அன்று பிற்பகல் நலமாக வீடு திரும்பி இரவில் நோயுற்றது இந்தப் போக்கோடு பொருந்துகிறது. பாட்டர்சனோ தமக்கு அன்றைக்கே, அதற்கு முன்பே வயிறு கெட்டதாகச் சொன்னார். விருந்தாளிகள் போனபின் ஆரஞ்சு கேக்கில் பெரும்பகுதியைத் தின்று வாந்தியெடுத்ததாகவும், அதனால் தப்பித்திருக்கலாம் என்றும் நீதிமன்றத்தில் கூறினார். சிகிச்சை அளித்த மருத்துவர்களிடம் அந்த வாந்தியைப் பற்றி அவர் சொல்லியிருக்கவில்லை. இங்கே ஒருவருடைய சொல்லை உடலின் வேதியியலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இப்படி ஒப்பிடும்போது, அவர் குணம் கெட்டவரா என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனாலும் இந்த மிச்சத்திலும் ஓட்டைகள் உண்டு. கோபுரப் பதிவு ஒரு கைபேசி அந்த வட்டாரத்தில் இருந்திருக்கலாம் என்று காட்டுமே தவிர, எந்த மரத்தடியில் நின்றது என்று காட்டாது. அந்தத் தளத்தின் 2023ஆம் ஆண்டுப் பதிவுகளைப் பார்க்கவே இல்லை என்றார் அவர். கடையில் வாங்கிய உலர்ந்த காளானோடு, தாம் பறித்த காட்டுக் காளானும் ஒரே டப்பாவில் கலந்திருக்கலாம் என்பது எதிர்த்தரப்பின் விபத்துக் கதை. தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருக்கிறது. எல்லாச் சமாதானங்களும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க வேண்டும் என்னும்போதுதான் கதை தள்ளாடுகிறது. பொய்கள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன: சங்கிலியில் ஏற்கெனவே உள்ள கண்ணிகளை இறுக்குகின்றன.

இதை நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில், புனேயில் பொட்டாசியம் சயனைடால் இறந்த இளம் மனைவியைக் கொன்றதாகக் கணவருக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. நம்மூர்க்காரரான நீதிபதி வரதராஜனும் இடம்பெற்ற மூவர் அமர்வு, தற்கொலைக்கான வாய்ப்பை ஒதுக்க முடியாதென்று அவரை விடுவித்தது. சங்கிலி முழுமையான பிறகுதான் பொய் விளக்கம் கூடுதல் கண்ணியாகும், அறுந்த இடத்தை ஒட்டுப்போட அது உதவாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நஞ்சூட்டிக் கொன்றதாகச் சொல்லும் வழக்கில் நோக்கம், நஞ்சினால் இறந்தது, குற்றம் சாட்டப்பட்டவரிடம் நஞ்சு இருந்தது, கொடுக்கும் வாய்ப்பு ஆகிய நான்கையும் அது கேட்டது. மோர்வெலில் அரசுத் தரப்பு நோக்கம் எதையும் முன்வைக்கவில்லை; வைக்க வேண்டிய கட்டாயமும் அங்கே இல்லை. நோக்கம் தெரியாமல் எப்படித் தண்டிப்பது என்று ஒரு பக்கமும், நோக்கம் எதற்கு, பொய்யே போதும் என்று இன்னொரு பக்கமும் மக்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு இரண்டுமே ஒரே அவசரமாகத் தெரிகின்றன.

இன்னொன்றையும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். கணவரைக் கொல்ல முயன்றதாக முதலில் அவர்மேல் இருந்த குற்றச்சாட்டுகள் விசாரணைக்கு முன்பே கைவிடப்பட்டன. அதைப் பற்றிய தகவல்கள் ஜூரியின் காதுக்குப் போகாமல் தடுக்கப்பட்டு, தீர்ப்புக்குப் பிறகே வெளிவந்தன. அவற்றைப் படித்துவிட்டு, "அப்போதே தெரியும்" என்றீர்கள். ஜூரிக்கு அது தெரியாது. தெரியாமலேதான், நீதிபதியின் பல நாள் அறிவுறுத்தலைக் கேட்டபின் ஒரு வாரம் அடைபட்டிருந்து, பன்னிருவரும் ஒருமித்துக் குற்றவாளி என்றார்கள். அவர்கள் எதை எடைபோட்டார்கள் என்பதை அங்குள்ள சட்டப்படி வெளியே சொல்ல முடியாது. அவர்களிடம் கேட்க வழியில்லாததால் உங்களிடம் கேட்கிறேன்: பொய்களை எடுத்துவிட்டு நான் மேலே வைத்த பட்டியலில், எந்த ஒன்று இல்லாமல் போயிருந்தால் நீங்கள் விடுதலை என்று சொல்லியிருப்பீர்கள்? எனக்கு அது தட்டுகளும் அல்ல, கோபுரங்களும் அல்ல, கருவியில் இருந்த நஞ்சுதான். உங்களுக்கு எது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி