ஞாயிற்றுக்கிழமையைத் தொழிலாளர்களுக்கே விடுங்கள்

திருப்பூர் வட்டாரப் பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும், ஒரு பங்குத்தந்தையின் வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். உங்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் விடுமுறை கொடுங்கள். மதியம் வரை வேலை, அப்புறம் விடுப்பு என்பது வேண்டாம். ‘ஷிப்மென்ட் இல்லாவிட்டால் பார்க்கலாம்’ என்பதும் வேண்டாம். முழுநாள் வேண்டும்.

இதை நேரில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டீர்கள், காபி கொடுத்து அனுப்பினீர்கள். எதுவும் மாறவில்லை. சென்ற ஞாயிறு நடந்ததைப் பார்த்த பிறகு, எல்லாரும் படிக்கும்படி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று எங்கள் ஆலயத்தில் பிள்ளைகளுக்குப் புது நன்மை, அதாவது அவர்கள் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை போட்டு மெழுகுவர்த்தியோடு வரிசையில் வந்த ஒரு பையனுக்குப் பக்கத்தில் அவன் தாய் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் நின்றார். தாய் உங்களில் ஒருவருடைய நிறுவனத்தில் செக்கிங் பார்க்கிறார். முன்கூட்டியே விடுப்புக் கேட்டிருந்தார். சூப்பர்வைசரும் சரி என்றிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம், சரக்கு காலையில் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரவு முழுவதும் வேலை. விடிந்த பிறகும், இன்னும் கொஞ்சம் பெட்டிதான் பாக்கி என்று கேட்டைத் திறக்கவில்லை. தந்தைக்கு வேறொரு நிறுவனத்தில் கட்டிங். அவருக்கும் அன்று வேலை இருந்தது. திருப்பலி முடிந்து மற்றப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இந்தப் பையன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மதியத்துக்கு மேல் அந்தத் தாய் வந்தார். தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. ‘சாமி, அவனுக்கு இன்னொரு முறை கொடுக்க முடியுமா, நான் பார்க்க வேண்டும்’ என்று கேட்டார். நற்கருணையை அவன் இனி எத்தனை முறையும் வாங்கலாம். முதல் முறை என்பது ஒரு முறைதான். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

நாங்கள் எங்களால் ஆனதைச் செய்துதான் பார்க்கிறோம். ஞாயிறு விடியற்காலையில் ஒரு பூசை, மாலையில் ஒரு பூசை. சனிக்கிழமை மாலைப் பூசையில் கலந்துகொண்டாலும் ஞாயிறு கடன் தீரும் என்று மக்களுக்குச் சொல்லியிருக்கிறோம். ஆனால் சனிக்கிழமை மாலை அவர்கள் ஒன்றரை ஷிப்டில், அதாவது 12 மணி நேர வேலையில் இருக்கிறார்கள். ஞாயிறு மாலைப் பூசைக்கு வருபவர்களில் பலர் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுகிறார்கள். அவர்களை எழுப்ப எனக்கு மனம் வருவதில்லை. வீடு சந்திக்கப் போகும்போது, பூசைக்கு வர முடியாததைப் பெரிய பாவம்போலத் தலை குனிந்து சொல்கிறார்கள். வர வழியில்லாதவர் மேல் குற்றமில்லை என்று நான் அவர்களுக்குச் சொல்கிறேன். குற்றம் எங்கே இருக்கிறது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓய்வுநாள் கட்டளையை விவிலியம் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. வேலைக்காரர், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊருக்குள் வந்து தங்கியிருக்கும் அந்நியர் என்று இணைச்சட்ட நூல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தவன்தான் என்று காரணமும் சொல்கிறது. உங்களில் பலர் காடு தோட்டத்தை விட்டு வந்து, பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்கள். பட்டிப் பொங்கலன்று எருதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, ஏரில் பூட்டாமல் விட்ட குடும்பங்கள் உங்களுடையவை. உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது கிறிஸ்தவர்களுக்காக மட்டும் கேட்பதும் அல்ல. குலதெய்வக் கோயிலுக்குப் போக முடியாதவர்களும் பிள்ளையின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் மட்டுமே பார்ப்பவர்களும் இதே லைனில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு, சொந்த ஊருக்குப் போன் செய்து பேசவும் துணி துவைக்கவும் அந்த ஒரு நாள்தான் உண்டு.

சட்டமும் என் பக்கம்தான் இருக்கிறது. ஞாயிறு வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் முழுநாள் விடுப்பு, மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதிவைத்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது என்கிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தமிழ்நாடே கொதித்தது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நம் ஊரிலோ அந்த 12 மணி நேரம் எந்த மசோதாவுக்கும் காத்திருக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் என்று பெயர் வைத்து அதை வழக்கமாக்கிவிட்டோம், பெருமையாகவும் பேசுகிறோம்.

எங்கள் ஆலயத்தின் முன்வரிசையில் உட்காரும் உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிலாளர் உரிமைகள் குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடல் ஞாயிறு ஓய்வைப் பற்றியும் பேசுகிறது. திருவிழாத் தேருக்கு நீங்கள் தரும் நன்கொடையை மதிக்கிறேன். அடுத்த ஆண்டு அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்களைத் தேர் பார்க்க அனுப்புங்கள்.

கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பையர் தேதியைத் தள்ளித் தரமாட்டார், நூல் விலை ஏறுகிறது, வங்கி காத்திருக்காது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அந்த நெருக்கடியின் கடைசிச் சுமை செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை மேல்தான் விழ வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். ஞாயிறு முழுநாள் விடுமுறை என்று கேட்டின் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். தவிர்க்கவே முடியாத வாரமென்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லி, வர விருப்பமா என்று கேட்டு, இரட்டைச் சம்பளமும் மாற்று விடுப்பும் கொடுங்கள். விடுப்புக் கேட்டு அனுமதி பெற்றவரை எந்தச் சரக்குக்காகவும் உள்ளே நிறுத்தாதீர்கள். இதைப் பற்றிப் பேச எந்த நிறுவனம் கூப்பிட்டாலும் வருகிறேன். வேலை நாளில் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பங்குத்தந்தை